முப்பது சதவீதம்

1

2005-ம் வருஷம், மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான விண்ணப்பத்தில் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டுக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா ரெண்டு நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில், "வா கண்ணு, போய்க் கேட்டுத்தான் பாப்பமே" என்று கிளம்பினாள்.

எனக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. ஒன்பது வயதில் கிட்டிப்புள் விளையாடும்போது புள் வந்து அடித்தது. நான் அடிக்கவில்லை, ஆட்டத்திலேயே இல்லை, வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் நடந்தது. கண் அழகாகவே இருக்கிறது, பார்வைதான் திரும்பவில்லை. வலது கண் 6/6. எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கொஞ்சும்போது "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள். கண் போன பிறகு அவள் கொஞ்ச நாள் அந்தச் சொல்லைத் தவிர்த்ததை நான் கவனித்திருக்கிறேன். பிறகு அதுவும் பழகிவிட்டது.

முகாம் ஒரு அரசு மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில் நடந்தது. கண் டாக்டர் மேஜை முன்னால் வரிசை. எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் அண்ணன் நின்றார், முப்பத்தைந்து வயது இருக்கும். விபத்தில் முன்பக்கக் கண்ணாடி உடைந்து ஒரு கண்ணில் பாய்ந்திருக்கிறது. "மொதலாளி இனி வண்டி தரமாட்டேன்னு சொல்லீட்டாருங்க. பொட்டிக்கடை வைக்க லோனாச்சும் கெடைக்குமான்னு வந்தனுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். இருபது வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர், வேறு தொழில் தெரியாது.

அவருக்கு டாக்டர் 30 என்று எழுதினார். அடுத்து நான். எனக்கும் 30.

"நாப்பது இருந்தாத்தான்மா எல்லாம்" என்றார் டாக்டர். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அச்சடித்த அட்டவணை இருந்தது. அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "ஒத்தக்கண்ணுக்கு இதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வேப்பமரத்தடியில் அந்த டிரைவர் அண்ணன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "உனக்கும் முப்பதா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இன்னொரு கண்ணுலயும் கொஞ்சம் மங்கலா இருந்திருந்தா…" என்றாள். சொல்லி முடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. ஒரு அம்மாவை அப்படி யோசிக்க வைத்த எண் எங்கிருந்து வந்தது?

2

இதைப் பல வருஷம் மறந்திருந்தேன். தனியார் கல்லூரி, கல்விக் கடன், பிறகு ஐ.டி. வேலை என்று எல்லோரையும் போல வாழ்க்கை போய்விட்டது. ஒரு காப்பீட்டு புராஜெக்டில் யாருக்குப் பணம் போகும், யாருக்குப் போகாது என்று தீர்மானிக்கும் விதிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. "சதவீதம் நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால்" என்று ஒரு விதி. இப்படி விதி எழுதினால் எல்லையில் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். 39 போட்டுப் பார், 40 போட்டுப் பார், 41 போட்டுப் பார். நான் 39 போட்டேன். "தகுதியில்லை" என்று திரையில் வந்தது. டெஸ்ட் பாஸ். பச்சை நிற டிக்.

அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தபோதுதான் வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் உடம்பில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அங்கே இருப்பது ஒரு அரசாங்கம்.

3

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று கோடு கிழிப்பது நவீன அரசுகள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 1531-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வயோதிகத்தாலோ உடல் குறைபாட்டாலோ உழைக்க முடியாதவர்களை உள்ளூர் நீதிபதிகள் விசாரித்து, இன்ன எல்லைக்குள் பிச்சை எடுக்கலாம் என்று உரிமக் கடிதம் கொடுக்க வேண்டும். உடம்பில் தெம்பு இருந்தும் பிச்சை எடுப்பவனுக்குச் சவுக்கடி. ஒரே தெருவில் ஒரே மாதிரி கையேந்தி நிற்கும் ரெண்டு பேரில் ஒருவனுக்குக் கடிதம், இன்னொருவனுக்கு அடி. ரெண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம். நமது சான்றிதழின் கொள்ளுத்தாத்தா அந்தக் காகிதம்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்தவர் டாக்டர் இல்லை. ஊர்க்காரர், நீதிபதி. அவர் கேட்ட கேள்வியும் உடம்பைப் பற்றியது மட்டும் இல்லை, "இவனால் உழைத்துப் பிழைக்க முடியுமா?" என்பதும்தான். 1889-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படையும் இதே கேள்விதான். ஒரு தொழிலாளியால் வழக்கமாகச் சம்பாதிக்கக்கூடியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாவிட்டால் அவர் இயலாதவர். அங்கே அளக்கப்பட்டது கூலி.

உடம்பின் பாகங்களுக்கு எண் போடும் பழக்கம் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. மெஷினில் கை போனால் முதலாளி எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு கைக்கும் கோர்ட்டில் வழக்காட முடியாது. அதனால் ஒரு விலைப்பட்டியல் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அது 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்தது. அதன் முதல் அட்டவணையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70 சதவீதம். அதே இடத்தில் இடது கை போனால் 60. கட்டைவிரல் 25. இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்ன செய்வான் என்று அட்டவணை கவலைப்படவில்லை. பிறகு ஒரு வரி: ஒரு கண் இழப்பு, 30.

முப்பது. எண்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு அரசு மருத்துவமனை மேஜையில், வேறொரு நோக்கத்துக்காக, வேறொரு விதியின் கீழ் எனக்குப் போடப்பட்ட அதே எண். ஒன்றிலிருந்துதான் இன்னொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு காலம் கழித்தும் ஒற்றைக் கண்ணுக்கு அதே எண் வந்து நின்றது வேடிக்கைதான்.

இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. 1923-ம் வருஷ அட்டவணையின் தலைப்பு கண்ணின் இழப்பைப் பேசவில்லை. "சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதம்" என்றுதான் சொல்கிறது. அதாவது அது உடம்பை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உடம்பை வைத்துக் கூலியை உத்தேசமாகக் கணக்குப் போட்டது.

4

அந்த உத்தேசக் கணக்கு எங்கே உடைகிறது என்பதை ஒரு வழக்கு காட்டியது. 1968 ஜூலையில் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் இது பகுதி இழப்புதான், 70 சதவீதம்தான் என்று முதலாளி தரப்பு வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அமர்வு, தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே இந்த மனிதருக்கு இழப்பு 100 சதவீதம் என்று உறுதிசெய்தது.

கை ஒன்றுதான் போனது, தொழில் முழுக்கப் போனது. இந்த ரெண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மை. அட்டவணையால் முதல் வாக்கியத்தை மட்டும்தான் எழுத முடியும்.

2010-ல் இன்னொரு தீர்ப்பில், சாலை விபத்து இழப்பீடு தொடர்பாக, உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விளக்கமாகவே சொன்னது. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுசாகப் போகலாம். அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். டாக்டர் சொல்லும் சதவீதம் வேறு, வாழ்க்கை இழக்கும் சதவீதம் வேறு.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அந்த டிரைவர் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மேஜையில் ஒரே எண்ணைப் போட்டார்கள். நான் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வேலைக்குப் போகவிருந்தவன். அவர் இரவில் எதிரே வரும் வண்டியின் தூரத்தை ஒரு நொடியில் கணிக்க வேண்டியவர். ஒரு கண்ணால் தூரத்தைக் கணிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது இன்றும் சில சமயம் வெளியே ஊற்றிவிடுவேன். என் முப்பது என்பது மேஜையில் சிந்திய தண்ணீர். அவருடைய முப்பது என்பது அவருடைய தொழில்.

5

இந்தியாவில் கூலிக் கணக்கிலிருந்து உடம்புக் கணக்குக்கு எப்படி மாறினோம்?

1977-ல் மத்திய அரசு சி, டி பிரிவு வேலைகளில் பார்வையற்றோர், காது கேளாதோர், கைகால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு சதவீதமாக மூன்று சதவீதம் ஒதுக்கியது. ஒதுக்கீடு என்று வந்துவிட்டால் வாசலில் ஒரு காவலாளி வேண்டும். ஆளாளுக்கு ஒரு வரையறை இருந்தால் குழப்பம். 1986-ல் அரசு எல்லோருக்கும் பொதுவான வரையறைகளை வெளியிட்டது. நாற்பதுக்குக் கீழே லேசானது, நாற்பதிலிருந்து மிதமானது, எழுபத்தைந்திலிருந்து கடுமையானது, நூறு என்றால் முழுமையானது. சலுகைகளுக்குக் குறைந்தபட்சம் நாற்பது வேண்டும். என் அம்மாவை பஸ்ஸில் வாயைப் பொத்த வைத்த எண் இங்கே கோடாக மாறியது.

இந்தக் கோடு 1995-ல் சட்டமாயிற்று. ஊனமுற்றோர் சட்டம் அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 அன்று அமலுக்கு வந்தது. அதற்காகப் போராடியவர்களில் சக்கர நாற்காலியில் இருந்த ஜாவேத் அபிதி முக்கியமானவர். அதுவரை தயவாக இருந்தது அதன் பிறகு உரிமை ஆனது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் "ஊனமுற்றவர் யார்" என்பதற்கான பதில், ஏழு வகைகளில் ஒன்றில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாக மருத்துவ அதிகாரி சான்றளித்தவர் என்பதுதான். நாற்பதுக்குக் கீழே இருப்பவருக்குச் சலுகை இல்லை என்பதோடு அது நிற்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் ஊனமுற்றவரே இல்லை. பார்வையின்மை என்பதும் இரண்டில் "நல்ல கண்ணில்" எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான். எனக்கு நல்ல கண் மிக நன்றாக இருந்தது. அதுதான் என் பிரச்சினை!

எண்ணிக்கையின் கதையும் இதோடு சேர்ந்தது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிக் கேட்டார்கள். 1991-ல் கேட்கவில்லை. 2001-லும் முதலில் கேட்பதாக இல்லை, போராடித்தான் சேர்க்க வைத்தார்கள். வந்த விடை 2.19 கோடி பேர், மக்கள்தொகையில் 2.13 சதவீதம். 2011-ல் 2.68 கோடி, 2.21 சதவீதம். இவர்களுக்குள் நான் இருக்கிறேனா? 2011-ல் கணக்கெடுக்க வந்த டீச்சர் கேட்டபோது அப்பா "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

6

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் எதிர்த் தரப்பையும் பேச வேண்டும். கோடே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

2024-ல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி மீது சான்றிதழ் தொடர்பான குற்றச்சாட்டு எழுந்து, அவரது தேர்ச்சியையே தேர்வாணையம் ரத்து செய்தது. அந்த வாரங்களில் என் ஆபீஸ் கேண்டீனில் எல்லோரும் திடீரென்று கண், காது நிபுணர்கள் ஆனார்கள். "பாதிப் பேரு டுபாக்கூர்தான் மச்சி" என்றான் பக்கத்து சீட் நண்பன். அவனுக்கு என் இடது கண்ணைப் பற்றித் தெரியாது. நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒருவர் மேல் எழுந்த குற்றச்சாட்டுக்கு வரிசையில் நிற்கும் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சந்தேகம் பெரிய அளவில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 1956-ல் அங்கே இயலாமைக் காப்பீடு வந்தபோது செனட்டில் 47-க்கு 45 என்று மயிரிழையில்தான் தப்பியது. அதுவும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதை எதிர்த்தது. யார் தகுதியானவர் என்று தீர்ப்பெழுதும் வேலை டாக்டர்கள் தலையில் வந்து விழுந்தது, சங்கத்தின் விருப்பத்துக்கு மாறாகவே. 1981-க்குப் பிறகு ரீகன் அரசு பட்டியலை மறுபரிசீலனை செய்கிறோம் என்று இறங்கியது. மூன்றே வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு உதவித்தொகை நிறுத்தப்படுவதாகக் கடிதம் போயிற்று. மேல்முறையீட்டில் இரண்டு லட்சம் பேர் வரை திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். மனநோயாளிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள், ஏனென்றால் அவர்களது நோய் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. மாகாணங்கள் ஒத்துழைக்க மறுத்தன, நீதிமன்றங்கள் தலையிட்டன. கடைசியில் 1984-ல் புதுச் சட்டம் வந்தது. ஒருவரை நீக்க வேண்டும் என்றால் அவர் உடல்நிலை தேறியிருக்கிறது என்பதை அரசு காட்ட வேண்டும் என்றது.

அதே 1984-ல் டெபோரா ஸ்டோன் என்ற அரசியல் அறிஞர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதத்தை என் மொழியில் சொன்னால்: சமூகத்தில் பொருள் ரெண்டு வழியில் பங்கிடப்படுகிறது. உழைத்தால் கிடைப்பது ஒன்று, தேவை இருந்தால் கிடைப்பது ஒன்று. எல்லோரும் ரெண்டாவது பக்கம் ஓடிவிடக் கூடாது என்ற பயம் அரசுக்கு எப்போதும் உண்டு. அதனால் நடுவில் ஒரு கதவு வைக்கிறது. அந்தக் கதவின் பெயர்தான் ஊனம். சாவியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டால் அது அரசியல் முடிவு போலத் தெரியாது, விஞ்ஞானம் போலத் தெரியும்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்த அட்டவணையை நினைத்துக்கொண்டேன். "நான் ஒண்ணும் பண்ண முடியாது." அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை.

7

கதவையே வேறு இடத்தில் வைக்கலாம் என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். 1976-ல் பிரிட்டனில் உடல் ஊனமுற்றோர் சிலர் சேர்ந்து நடத்திய அமைப்பு ஒன்று ஒரு சின்ன ஆவணத்தை வெளியிட்டது. கால் நடக்காமல் இருப்பது குறைபாடு. படிக்கட்டை மட்டும் வைத்துக் கட்டடம் கட்டுவதுதான் அவரை ஊனமாக்குகிறது. முதலாவது உடம்பில் இருக்கிறது, ரெண்டாவதை நாம்தான் செய்கிறோம். 2006-ல் ஐ.நா. சபை ஏற்ற உடன்படிக்கையில் இந்த எண்ணத்தின் சாயல் இருக்கிறது. இந்தியா 2007-ல் அதில் இணைந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய அந்தக் காலகட்டத்தில்தான் கருணாநிதி ஆட்சியில் "ஊனமுற்றோர்" போய் "மாற்றுத்திறனாளிகள்" வந்தது. பலகைகள் மாறின. அம்மா இன்றைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்வாள், புதுத் துணி உடுத்தியதுபோல.

2016-ம் ஆண்டின் புதிய சட்டம் ஏழு வகைகளை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், தலசீமியா, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் உள்ளே வந்தார்கள். வேலை ஒதுக்கீடு மூன்றிலிருந்து நான்கு சதவீதம் ஆனது. அதைவிட முக்கியமாக, சட்டம் இப்போது இரண்டு மனிதர்களை வரையறுத்தது. ஒருவர், நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றுப்புறத் தடைகளோடு மோதும்போது சமூகத்தில் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர். இவருக்குச் சதவீதம் கிடையாது. இன்னொருவர், நாற்பது சதவீதம் அல்லது அதற்கு மேல் இருப்பவர். ஒதுக்கீடு போன்றவை இவருக்கு மட்டும்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்று 2021 பிப்ரவரியில் தெரிந்தது. எழுதும்போது கை இறுகிப்போகும் நரம்புப் பிரச்சினை உள்ள ஒருவர் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுத்தர் கேட்டிருந்தார். தேர்வாணையம் மறுத்தது. நாற்பது சதவீதம் இருந்தால்தான் எழுத்தர் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் சாரம்: ஒதுக்கீட்டுக்கான அளவுகோலை, தேர்வு எழுதவே தேவைப்படும் ஒரு வசதிக்கும் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

8

அம்மா முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு படித்த பிறகும் என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் ஒரு கோளாறு எங்கே இருக்கிறது என்று இப்போது புரிகிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே மாறியைப் பயன்படுத்துகிறோம்.

முதல் கேள்வி, இந்த இடத்தில் இவர் மற்றவர்களைப்போல வேலை செய்ய, தேர்வெழுத என்ன வேண்டும்? இதற்கு எண்ணே தேவையில்லை. எனக்கு மீட்டிங்கில் இடது ஓரத்து நாற்காலி வேண்டும், அப்போதுதான் எல்லோரும் என் வலப்பக்கம் இருப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ரெண்டாவது கேள்வி, அளவான இடங்களில் யாருக்கு முன்னுரிமை? இதற்குக் கோடு வேண்டியதுதான். இதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. அன்று முகாமில் பக்கத்து மேஜையில், போலியோவால் ரெண்டு காலும் சூம்பிய என் வயதுப் பையன் ஒருவன், கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்து வந்தான். ஒதுக்கீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு சீட் என்றால் அது அவனுக்குப் போக வேண்டும், எனக்கு இல்லை. எனக்குப் போட்ட முப்பது, அந்த சீட்டைப் பொறுத்தவரை, சரியான விடைதான்.

மூன்றாவது கேள்வி, இந்தப் பாதிப்பால் ஒரு குடும்பத்தின் சோறு போயிற்றா? இதற்குத்தான் 1531-ன் ஊர் நீதிபதியும் 1889-ன் ஜெர்மன் சட்டமும் 1975-ன் உச்ச நீதிமன்றமும் தங்களுக்குத் தெரிந்த அளவில் பதில் தேடினார்கள். நாம் இதற்கும் அதே அட்டவணையைத்தான் நீட்டுகிறோம். 2009-ல் தொடங்கிய மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்துக்கு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதோடு எண்பது சதவீத ஊனமும் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. 300 ரூபாய்க்காக எண்பது சதவீதம்! அந்த டிரைவர் அண்ணனுக்குப் போட்ட முப்பது, அவருடைய கேள்விக்கு, தவறான விடை. அவர் சீட் கேட்டு வரவில்லை. பெட்டிக்கடை கேட்டு வந்தார்.

ஒரே எண், ஒரே மேஜை, பத்து நிமிஷ இடைவெளி. எனக்கு நியாயமாகவும் அவருக்கு அநியாயமாகவும் இருந்தது. தொழில் என்ன, வீட்டில் எத்தனை பேர், மாற்று வேலை என்ன கிடைக்கும் என்று ஒவ்வொருவரையும் விசாரித்து முடிவெடுக்கலாமே என்றால், அதிலும் ஆபத்து உண்டு. விசாரிக்கிற அதிகாரியின் தயவு, சாதி, லஞ்சம், "உன்னப் பாத்தா அப்படித் தெரியலையே" என்ற பார்வை எல்லாம் உள்ளே வரும். அட்டவணைக்கு ஈரம் இல்லை, ஆனால் பாரபட்சமும் குறைவு. இந்த ரெண்டில் எதை விடுவது என்ற விவாதம் ஐந்நூறு வருஷமாக நடக்கிறது. எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண் எந்தக் கேள்விக்கான பதில் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

9

2024-ல் அடையாள அட்டைகளுக்கு நிறம் கொடுத்தார்கள். எண்பதும் அதற்கு மேலும் நீலம், நாற்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை மஞ்சள், நாற்பதுக்குக் கீழே வெள்ளை. செய்தியைப் படித்துவிட்டு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "நான் இப்ப வெள்ளை அட்டைம்மா." 1995-ன் சட்டம் என்னை ஊனமுற்றவன் இல்லை என்றது. இப்போதைய சட்டம், ஆமாம், நீயும்தான், ஆனால் உனக்குத் தர இங்கே அதிகம் எதுவும் இல்லை என்கிறது. இதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். 2005-ன் காகிதம், மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. 30 என்று நீல மையில் எழுதியிருந்தது. ஒரு பயனும் இல்லாத சான்றிதழை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"அன்னிக்கு பஸ்ல நான் ஒண்ணு சொன்னேன், நெனப்பிருக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"உனக்குத்தான் படிப்பு இருந்துச்சு கண்ணு. அந்த லாரிக்காரத் தம்பி பாவம், என்ன பண்ணுச்சோ?"